ஆச்சி வளர்த்த சபை

இடையன்குடி என்னும் ஊரின் பெயரைத் தமிழாசிரியர் எவரும் அறிவர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856ஆம் ஆண்டில் வெளியிட்ட கால்டுவெல் ஐயர் ஏறத்தாழ 50 ஆண்டுகள் வாழ்ந்த ஊர் அது. 1841ஆம் ஆண்டின் இறுதியில் அவர் அங்கு வந்து சேர்ந்தார். செம்மணல் தேரியும் பனங்காடும் சூழ்ந்த அச்சிற்றூரில் நேரான தெருக்களை வகுத்தார், கிணறுகள் வெட்டுவித்தார், ஆலயம் எழுப்பினார். 1891இல் கோடைக்கானலில் மறைந்தபின் அவர் உடல் அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றது. இவை யாவும் நூல்களில் உள்ளவை.

அதே ஊரிலும் அதனைச் சுற்றிய சிற்றூர்களிலும் அதே ஆண்டுகளில் வாழ்ந்த மூதாட்டியர் பலர். பகலில் பதநீர் காய்ச்சி, அந்தியில் பேரப் பிள்ளைகளைச் சுற்றி அமர்த்தி வேத வசனம் சொல்லிக்கொடுத்த அவர்களைத் திருநெல்வேலிச் சீமையில் ‘ஆச்சி’ என்று அழைப்பர். சபை வரலாற்று நூல்களில் குருமாரின் பெயர்கள் உள்ளன. உபதேசிமாரின் பெயர்களும் ஓரளவு உள்ளன. ஆலயங்கள் கட்டிய ஆண்டுகள் உள்ளன. ஆச்சியின் பெயரை அங்குக் காண்பது அரிது.

ஆயினும் ஒரு கேள்வியை எழுப்பாமல் இவ்வரலாற்றைப் படித்து முடித்தல் இயலாது. ஒரு குடும்பம் ஒரு நாளில் மதம் மாறலாம். அதற்கு ஒரு போதகரின் சொல்லோ, ஓர் இடுக்கணோ, ஊரார் பலர் கூடி எடுத்த முடிவோ காரணமாகலாம். ஆனால் அந்த முடிவு மகனுக்கும் பேரனுக்கும் கொள்ளுப்பேரனுக்கும் உரிய வாழ்க்கையாக நிலைத்தது எவ்வாறு? பள்ளியும் ஆலயமும் அதற்குத் துணை நின்றன என்பது மெய். அவற்றிற்கு முன்னும், அவை இல்லாத இடத்திலும், அதனைச் செய்தது வீடு. அவ்வீட்டில் அதற்குப் பொழுதும் உரிமையும் உடையவளாக இருந்தவள் ஆச்சி. தென் திருநெல்வேலியிலும் அதனை அடுத்த தென் திருவிதாங்கூரிலும் 18ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் வளர்ந்த சீர்திருத்தச் சபைகளின் வரலாறு இதற்குச் சான்று பகரும். முத்துக்குளித்துறையின் கத்தோலிக்கச் சபைகள் இவற்றினும் பழமையானவை; அவற்றின் கதை தனியே கூறத்தக்கது.

முதல் பெயர்

திருநெல்வேலிச் சபையின் பழைய பேரேடு 1780ஆம் ஆண்டிற்குரியது. பாளையங்கோட்டையில் அப்போதிருந்த 40 பேரின் பெயர்கள் அதில் உள்ளன. அவற்றுள் முதலாவது பெயர் ஒரு பெண்ணின் பெயர்: கிளாரிந்தா. அவர் பிராமண குலத்தில் பிறந்த கைம்பெண். ஆங்கிலப் படையதிகாரி ஒருவரின் பாதுகாப்பில் பாளையங்கோட்டைக்கு வந்தவர். அவ்வதிகாரி உயிரோடிருந்த வரையில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சுவார்ட்சு ஐயர் இசையவில்லை. அதிகாரியின் மறைவுக்குப்பின் 1778இல் அதைக் கொடுத்தார். 1785இல் கோட்டைக்குள் கட்டப்பெற்ற சிற்றாலயத்திற்குப் பொருளுதவி செய்தவரும் கிளாரிந்தாவே. ‘பாப்பாத்தியம்மாள் கோயில்’ என்று மக்கள் அதனை வழங்கினர். அ. மாதவையா 1915இல் ஆங்கிலத்தில் எழுதிய புதினம் ஒன்றிற்கு இவ்வம்மையாரின் பெயரே தலைப்பாயிற்று.

கிளாரிந்தா செல்வமும் செல்வாக்கும் உடையவர். ஆதலின் அவர் பெயர் நின்றது. அவருக்குப்பின் சபையில் சேர்ந்தவருள் மிகப் பலர் பனைத்தொழில் செய்த நாடார் குடும்பத்தினர். 1799இல் தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியார், புதிய மதத்தைத் தழுவியதால் துன்புறுத்தப்பட்டவர்களுக்காக ஓர் ஊரை அமைத்தார். அதுவே முதலூர். கிறிஸ்தவர்களுக்கென எழுந்த முதல் ஊர் என்பது அப்பெயரின் பொருள். வீடு இழந்தும் உறவு முறிந்தும் வந்தவர்கள் அங்குக் குடியேறினர்.

இம்மாற்றம் பெண்ணுக்கு எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆடவன் தன் தெய்வத்தை விட்டான் எனின், கோயில் கொடைக்கு வரி கொடுக்க மறுத்தான் என்று ஊரார் சினப்பர். பெண் விட்டாள் எனின், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது கட்டும் கயிற்றையும், பேறுகாலத்தில் நேரும் நேர்த்திக்கடனையும், தாய் வீட்டுக் குலதெய்வத்தையும் ஒருங்கே விட்டாள் என்பது பொருள். அம்மை கண்ட இரவில் அவளுக்குப் பழகிய வழிகள் யாவும் அடைபட்டுப்போயின. ஆகவே, வீட்டிலுள்ள முதியவள் இறுதிவரை மாற்றத்திற்கு இசையாது நின்றதும் உண்டு. அவள் இசைந்தபின் அவ்வீடு மீண்டும் பழைய வழிக்குத் திரும்புதல் எளிதன்று.

குருவில்லாத ஆண்டுகள்

வீட்டின் வலிமை வெளிப்பட்டது 19ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில். 1802இல் ஜெரிக்கே ஐயர் தென் திருநெல்வேலியைச் சுற்றி வந்தார். அவராலும், அவருக்குப்பின் சத்தியநாதன் என்னும் தமிழ்க் குருவாலும் குறுகிய காலத்தில் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றனர். அடுத்த ஆண்டிலேயே ஜெரிக்கே மறைந்தார். 1806இல் வந்த ரிங்கல்தௌபே ஐயர் சில காலம் மேற்பார்வை செய்தார். ஆனால் அவருடைய கருத்தெல்லாம் திருவிதாங்கூரில் மயிலாடியைச் சுற்றியே இருந்தது. பின்னர்ப் பல ஆண்டுகள் திருநெல்வேலியில் தங்கிப் பணிபுரியும் ஐரோப்பியக் குரு எவரும் இல்லை. கொள்ளை நோய் வந்தது. பலர் பழைய வழிபாட்டிற்குத் திரும்பினர்.

1816இல் பாளையங்கோட்டைப் படைக்குக் குருவாக வந்த ஜேம்ஸ் ஹஃப் என்பவர் எஞ்சியிருந்தோரைத் தேடிச் சென்றார். சிற்றூர்கள் பலவற்றில் சிதறிக் கிடந்த சுமார் 3,000 கிறிஸ்தவர்களை அவர் கண்டார். உபதேசிமார் சிலரே, நூல்கள் இல்லை, பள்ளிகள் மிகக் குறைவு. எழுத்தறிந்தோரும் சிலரே.

பலர் விலகிப்போன அவ்வாண்டுகளில் இம்மூவாயிரவர் எவ்வாறு நிலைத்தனர்? ஞானஸ்நானம் பெறுவோர் கர்த்தருடைய ஜெபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றை மனப்பாடமாக ஒப்புவிக்க வேண்டும் என்பது அக்கால வழக்கம். ஏடின்றி வாயால் கற்றதை வாயால் கற்பிக்கலாம். உபதேசியார் மாதத்தில் ஒரு நாள் வருவார். மற்ற நாள்களில் பிள்ளைகளுக்கு அவற்றைச் சொல்லிக்கொடுத்தது வீட்டிலுள்ள முதியவர் வாயே. தாய் விறகு பொறுக்கவும் தண்ணீர் சுமக்கவும் போய்விடுவாள். தந்தை பனை மேல் இருப்பான். பிள்ளைகளோடு வீட்டில் எஞ்சியிருந்தவள் ஆச்சி.

பனங்காட்டில் ஒரு நாள்

தேரிக்காட்டுக் குடும்பத்தின் வாழ்க்கை பனையைச் சார்ந்தது. பருவ காலத்தில் ஆடவர் விடியுமுன் எழுந்து மரம் ஏறுவர். மாலையில் மறுபடியும் ஏறுவர். பாளையைச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டி இறங்குவர். சுண்ணாம்பு இல்லையேல் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கிய பதநீரைச் சுமந்து விடிலிக்குக் கொண்டுவருவர். விடிலி என்பது பனையோலையால் வேய்ந்த காய்ச்சும் குடிசை. அதன் ஆட்சி முழுவதும் பெண்களுடையது.

பதநீரைப் பெரிய பானையில் ஊற்றிப் பல நாழிகை காய்ச்ச வேண்டும். பதம் தப்பினால் ஒரு நாள் உழைப்பு வீணாகும். கூழ்ப்பதம் அறிந்து இறக்கி, சிரட்டைகளில் வார்த்து ஆற விட்டால் கருப்பட்டியாகும். பதம் பார்ப்பதில் மூத்த பெண்ணின் சொல்லுக்கு மேற்சொல் இல்லை. அடுப்புக்கு ஓலையும் மட்டையும் எடுத்துக்கொடுக்கப் பிள்ளைகள் வேண்டும். ஆகவே, அடுப்பைச் சுற்றிப் பேரன் பேத்தியர் எப்போதும் இருப்பர். காய்ச்சுதலோ கை ஓயாத வேலை; வாய்க்கு ஓய்வுண்டு. விடிலி பள்ளிக்கூடமானது இவ்வாறுதான். ஆதாம் முதல் யோசேப்பு வரையிலான கதைகளும், சங்கீத வசனங்களும், கீர்த்தனைகளும் அங்கே பிள்ளைகளின் செவியில் ஏறின.

உலை வைக்கும்போது நிகழ்ந்த சிறு செயல் ஒன்றும் கருதத்தக்கது. சமைப்பதற்கு அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவது வழக்கம். இதற்குப் ‘பிடியரிசி’ என்று பெயர். வாரந்தோறும் அதனைச் சேர்த்து ஆலயத்திற்குக் கொடுப்பர். ஏழைகளுக்கும் சபையின் ஊழியத்திற்கும் அது பயன்படும். கணவன் கையில் காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிடியரிசி நின்றுவிடாது. ஏனெனில் அது காசிலிருந்து கொடுப்பதன்று. தன் வீட்டார் உண்ணும் சோற்றிலிருந்தே எடுத்துக் கொடுப்பது. சொத்தில் உரிமையில்லாத பெண் தன் கையால், தன் விருப்பால் கொடுக்கக்கூடிய கொடை அது ஒன்றே. அரிசி குறைந்த வீட்டில் அப்பிடி யார் பங்கிலிருந்து குறைந்தது என்று சொல்ல வேண்டுவதில்லை. கடைசியில் உண்பவள் அவளே.

பொழுது சாய்ந்ததும் ஆலய மணி ஒலிக்கும். கிறிஸ்தவ ஊர்களில் நாள்தோறும் ஆலயத்தில் ஜெபம் நடத்துவது முற்கால ஏற்பாடு. அது முடிந்து வீடு திரும்பியபின், அல்லது மணியோசை எட்டாத இடங்களில் வீட்டிலேயே, குடும்ப ஜெபம் நடைபெறும். விளக்கை நடுவில் வைத்துப் பாயில் அமர்வர். ஒரு கீர்த்தனை, ஓர் அதிகாரம் வாசிப்பு, பின்னர் முழங்காலிட்டு ஜெபம். பிள்ளைகள் தூங்கி விழுவதும், ஆச்சி தட்டி எழுப்புவதும் இன்றும் பல குடும்பங்களில் சிரிப்போடு பேசப்படுபவை. ஜெபத்தில் ஆச்சி ஒவ்வொருவர் பெயராகச் சொல்லுவாள். மரம் ஏறும் மகன், புகுந்த வீட்டிலுள்ள மகள், நோயில் கிடக்கும் அண்டை வீட்டார், கொழும்புக்குப் போன பேரன் என்று அந்த வரிசை நீளும். குடும்பம் எவ்வளவு பெரியது, யார் யார் அதைச் சேர்ந்தவர் என்பதைப் பிள்ளைகள் அறிந்தது அந்த ஜெபத்தின் வாயிலாகவே.

செவியும் ஏடும்

தமிழ் வளர்ச்சியின் நோக்கிலும் இக்குடும்ப ஜெபம் எண்ணத்தக்கது. 1715இல் தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு அச்சாயிற்று. பப்ரிசியுசின் மொழிபெயர்ப்பு 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறைவெய்தியது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியுஸ் ஐயர் புதிய ஏற்பாட்டை மீண்டும் மொழிபெயர்த்தார்; அது 1833இல் வெளிவந்தது. பவர் ஐயர் தலைமையில் அமைந்த குழுவின் மொழிபெயர்ப்பு 1871இல் வந்தது. அச்சிட்ட தமிழ் உரைநடை பொதுமக்கள் கையில் அரிதாக இருந்த நாள்களில், பனங்காட்டுக் குடிசை ஒன்றில் நாள்தோறும் உரைநடை உரக்கப் படிக்கப்பெற்றது என்பது சிறிய செய்தியன்று.

படிப்பவன் பள்ளிக்குப் போகும் பேரன். கேட்பவள் எழுத்தறியாத ஆச்சி. ஆனால் திருத்துபவளும் அவளே. பல்லாண்டு கேட்டுக் கேட்டு அதிகாரங்கள் அவளுக்கு மனப்பாடம். பேரன் ஒரு சொல்லை விட்டுவிட்டாலும், மயங்கி மாற்றிப் படித்தாலும் அவள் செவி பொறுக்காது. கண்ணால் படிப்பவனும் செவியால் படித்தவளும் சேர்ந்து ஓர் ஏட்டைக் காத்தனர்.

புதிய மொழிபெயர்ப்புகள் வந்தபோது எழுந்த எதிர்ப்பின் காரணத்தையும் இதனால் உணரலாம். தஞ்சையில் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இரேனியுசு முதலானோர் செய்த மாற்றங்களைக் கடுமையாக மறுத்தார். அறிஞர் அதனை மொழிநடை பற்றிய வாதமாகக் காண்பர். ஆயினும் நெஞ்சில் பதித்த வசனத்தை முதுமையில் ஒருவர் வந்து மாற்றுவது, எழுத்தறியாதவர்க்கு இருந்த ஒரே நூலைப் பறிப்பதற்கு ஒப்பாகும். ஏடு மாறினால் எழுத்தறிந்தவர் புதிய ஏட்டைப் படித்துக்கொள்வர். செவியால் கற்றவரோ மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பாட்டுக்கு அவ்விடர் இல்லை. சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைத் தொகுத்து அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்த வெப் ஐயர் 1853இல் ஒரு நூலாக்கினார். அதன்பின் கீர்த்தனைகள் சபைதோறும் பரவின. பின்னாளில் இரட்சணிய யாத்திரிகம் பாடிய கிருஷ்ண பிள்ளையின் (1827–1900) பாடல்களும் அவற்றோடு சேர்ந்தன. தமிழ்ப் பண்ணிலும் தாளத்திலும் அமைந்தமையால் ஒருமுறை கேட்டவர் அவற்றை மறத்தல் அரிது. தாலாட்டாகவும், நெல் குத்தும் பாட்டாகவும், நோயாளியின் தலைமாட்டில் ஆறுதலாகவும் அவை வீட்டில் பயின்றன.

ஊசியும் நூலும்

முதல் தலைமுறை ஆச்சிக்கு எழுத்தில்லை. ஆனால் 1900ஆம் ஆண்டில் பேரப் பிள்ளைகளோடு அமர்ந்திருந்த ஆச்சி பலருக்கு எழுத்துண்டு. இம்மாற்றத்தின் வரலாறு நாகர்கோவிலில் தொடங்குகிறது.

1819இல் மால்ட் ஐயரும் அவர் மனைவி மார்த்தா அம்மையாரும் அங்கு வந்தனர். மார்த்தா அம்மையார் பெண்களுக்கு விடுதிப் பள்ளி நடத்தி, எழுத்தோடு நூற்பின்னல் தொழிலையும் கற்பித்தார். பின்னலை விற்றுப் பெற்ற காசு பெண்களின் கையில் சேர்ந்தது. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல்தான் ஒழிந்தது. அதற்கு முன்னரே, பின்னலால் ஈட்டிய பொருளைக் கொண்டு தம் விடுதலையை விலைக்கு வாங்கிக்கொண்ட அடிமைப் பெண்கள் அப்பள்ளியில் இருந்தனர். மால்ட் தம்பதியரின் மகள் எலைசா 1844இல் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்கு வந்தார். நாகர்கோவிலில் வளர்ந்த அவருக்குத் தமிழ் நன்கு வரும். அவரும் பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார். பின்னல் தொழிலையும் இடையன்குடியில் பரப்பினார். ஒப்பிலக்கணம் எழுதப்பெற்ற அதே வீட்டின் தாழ்வாரத்தில் பனைத்தொழிலாளர் மகளிர் முதன்முதலாக எழுத்துக் கூட்டினர். பாளையங்கோட்டையிலும் பெண் கல்வி வளர்ந்து, சாராள் தக்கர் பெயர் தாங்கிய பள்ளி 1895இல் கல்லூரி நிலையை எட்டியது.

இப்பள்ளிகளில் படித்த சிறுமியர் மணமாகித் தாயாராகி, அரை நூற்றாண்டுக்குப்பின் ஆச்சிமார் ஆயினர். இப்போது குடும்ப ஜெபத்தில் வேதம் வாசிப்பவளே ஆச்சி. பேத்திக்கு அரிச்சுவடி சொல்லித் தந்தவளும், தூரத்திலிருந்து வந்த கடிதத்தைத் தெருவார்க்குப் படித்துக் காட்டியவளும் அவளே. பின்னல் கூடையும் அவள் பக்கத்திலேயே இருந்தது. அதிலிருந்து வந்த காசு பேத்தியின் பள்ளிச் செலவுக்கும் ஆலயக் காணிக்கைக்கும் உதவியது.

தென் திருவிதாங்கூரில் அவள் வேறொன்றையும் நினைவில் தாங்கியிருந்தாள். அங்கு நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணிதல் வழக்கத்தால் தடுக்கப்பட்டிருந்தது. கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணியத் தொடங்கியதும் 1822 முதல் கலகங்கள் எழுந்தன. சந்தையில் ஆடை கிழிக்கப்பட்டது. ஆலயங்களும் பள்ளிகளும் கொளுத்தப்பட்டன. 1829இல் வெளியான அரச கட்டளை சட்டை அணிவதை ஏற்றும், உயர்குலப் பெண்களைப் போல் மேலாடை போடுவதை மறுத்தும் கூறியது. 1858இல் கலகம் மீண்டும் மூண்டது. 1859 ஜூலை 26ஆம் நாள் பிறந்த அரச விளம்பரமே நாடார் குலப் பெண்கள் உடலை மறைத்து ஆடை அணியும் உரிமையை ஒப்புக்கொண்டது. அதுவும் உயர்குலப் பெண்களைப் போல் அணியலாகாது என்னும் வரம்போடுதான்.

1822இல் பத்து வயதுச் சிறுமியாக இருந்தவள் 1859இல் பேரப் பிள்ளை எடுக்கும் வயதினள். அவள் இளமை முழுவதும் அந்தத் துணியைப் பற்றிய அச்சத்தில் கழிந்தது. அவளுடைய பேத்தியோ சட்டை அணிந்து, வகிடெடுத்துத் தலை வாரி, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திற்கு நடந்து போனாள். ‘கர்த்தர் நம் வெட்கத்தை நீக்கினார்’ என்னும் பொருளில் ஒரு மூதாட்டி ஜெபித்திருந்தால், அது வெறும் வேத மொழியன்று. அவள் தோளில் கிடந்த ஆடை அதற்கு உரை.

கூடிய நாள்கள்

குடும்பம் கூடும் நாள்கள் ஆச்சியின் நாள்கள். கிறிஸ்து பிறந்த நாளுக்குப் பல நாள் முன்னரே அரிசி இடித்து, பலகாரங்களுக்குக் கருப்பட்டிப் பாகு வைப்பாள். புகுந்த வீட்டிலுள்ள மகளிர் பிள்ளைகளோடு வருவர். இருள் நீங்குமுன் ஆலயத்தில் ஆராதனை. முடிந்ததும் பலகாரத் தட்டு அண்டை வீடுகளுக்குப் போகும். தெருவின் மறுகோடியில் இந்து உறவினர் வீடு இருந்தால் அங்கும் போகும். மதம் மாறியபோது அறுந்த உறவைப் பலகாரத் தட்டு மெல்ல மெல்லக் கட்டியது.

அறுப்பின் பண்டிகையில் ஒவ்வொரு வீடும் தன் விளைவின் முதற்பலனை ஆலயத்திற்குக் கொண்டுவரும். நெல், வாழைத்தார், பூசணி, கருப்பட்டி, கோழி, முட்டை, ஓலையில் முடைந்த பெட்டி என எதுவாயினும் ஏற்கப்படும். ஆராதனைக்குப்பின் அவை ஏலம் விடப்படும். ஆச்சி வளர்த்த கோழியை அவள் மகனே ஏலத்தில் எடுத்துத் திரும்ப வீட்டிற்குக் கொண்டுவருதலும் உண்டு. ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையின்போது அசனம் நடைபெறும். ஊரார் அனைவரும் அரிசியும் காசும் சேர்த்துப் பெரிய பாத்திரங்களில் சமைத்து, பந்தியாக அமர்ந்து உண்பர். வெளியூரில் வேலை பார்ப்போர் கிறிஸ்து பிறந்த நாளுக்கு வரத் தவறினாலும் அசனத்திற்குத் தவறார்.

துயர நாளிலும் கூட்டம் உண்டு. மரணம் நேர்ந்த வீட்டில் இரவு முழுவதும் கீர்த்தனை பாடி விழித்திருப்பர். ஒப்பாரி முற்றும் நின்றுவிடவில்லை. எனினும் பாடல் அதனருகில் வந்து அமர்ந்தது. எந்தப் பாட்டை எப்போது எடுப்பது என்பதை அறிந்தவர் முதிய பெண்களே. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும்பஞ்சம் வாட்டியபோது இத்தகைய இரவுகள் எத்தனையோ வந்து போயின. பஞ்ச ஆண்டுகளில் சபையில் புதிதாகச் சேர்ந்தவர் பல்லாயிரவர். சோற்றுக்காக வந்தவர் என்று அவர்களைப் பழித்தோரும் உண்டு. பஞ்சம் தீர்ந்தபின்னும் அவர்களுள் மிகுந்த தொகையினர் சபையில் நிலைத்தனர். அவர்களுக்குக் கர்த்தருடைய ஜெபத்தை மனப்பாடம் செய்வித்தவர் குருமார் மட்டுமல்லர்.

விளக்கின் கீழ் இருள்

ஆச்சியைப் புகழ்வது மட்டுமே வரலாறாகாது. சாதி வேற்றுமை சபைக்குள்ளும் புகுந்திருந்தது. வேளாளரும் நாடாரும் ஆலயத்தில் வேறு வேறு இடங்களில் அமர்ந்த காலம் உண்டு. சாதி ஆசாரங்களை விட வேண்டும் என்று புதிய மிஷனெரிமார் வற்புறுத்தியபோது, வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரியவரே அதனை எதிர்த்து எழுதினார். வீட்டில் அவ்வேற்றுமையைக் காத்தவரும் பெரும்பாலும் முதிய பெண்களே. யார் அடுக்களைக்குள் வரலாம், யாருக்கு எந்தப் பாத்திரத்தில் நீர் தரலாம், எந்த வீட்டில் பெண் எடுக்கலாம் என்பவற்றை முடிவு செய்தவள் ஆச்சி. பிடியரிசி எடுத்த அதே கை அடுக்களை வாசலை மறித்தும் நின்றது.

வழிவழியாகக் கொடுப்பவர் தாம் பெற்ற யாவற்றையும் கொடுப்பர். நல்லதை மட்டும் பிரித்துக் கொடுப்பது அரிது. மேலாடைக்காகத் துன்புற்றவளின் பேத்தி, தன்னிலும் தாழ்த்தப்பட்டவளை வாசலில் நிறுத்தினாள் என்பது கசப்பான உண்மை. பேரப் பிள்ளைகளுள் சிலர் ஆச்சி கற்பித்த வசனத்தைக் கொண்டே ஆச்சியின் வழக்கத்தை எதிர்த்தனர். அவ்வாறு எதிர்ப்பதற்குரிய சொல்லையும் அவர்களுக்கு அவளே தந்திருந்தாள்.

கடல் கடந்தபின்

பனைத்தொழிலின் வருவாய் பெருகிய குடும்பங்களைத் தாங்கவில்லை. இளைஞர் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போயினர். அங்குள்ள தமிழ்த் தொழிலாளரிடையே பணிபுரியத் திருநெல்வேலியிலிருந்து உபதேசிமாரை அழைத்து 1854இல் ஒரு மிஷன் தொடங்கப்பெற்றது. பின்னர் மலாயாவிற்கும் சிங்கப்பூருக்கும் தமிழ்க் கிறிஸ்தவர் வந்தனர். தோட்டத் தொழிலாளராகவும், எழுத்தராகவும், ஆசிரியராகவும், மருத்துவமனைப் பணியாளராகவும் வந்த அவர்களுள் பெரும்பாலோர் இளைஞர். ஆச்சி ஊரிலேயே நின்றுவிட்டாள்.

ஆகவே, இந்நாடுகளில் தமிழ்ச் சபைகளின் முதல் தலைமுறைக்கு வாய்த்த குறை ஒன்றுண்டு. பிள்ளைகளுக்கு வீட்டில் பாட்டி இல்லை. வசனம் சொல்லித்தரவும், தமிழ்ப் பாட்டுப் பழக்கவும், உறவு முறை காட்டவும் ஆள் இல்லை. அக்குறையை ஓய்வுநாள் பள்ளியும், தமிழ்ப் பள்ளியும், வீடுவீடாகக் கூடும் ஜெபக் கூட்டமும் ஓரளவு ஈடு செய்தன. அடுத்த தலைமுறையிலேதான் இம்மண்ணிலும் பாட்டிமார் உண்டாயினர். தமிழில் படிக்கத் தெரியாத பேரன் தமிழ்க் கீர்த்தனையை மட்டும் பிழையின்றிப் பாடுகிறான் எனின், அவ்வீட்டில் ஒரு பாட்டி இருந்தாள் என்று துணியலாம்.

பெயர் உடையவள்

1947 செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை அமைந்தபோது, திருநெல்வேலிச் சபையும் தென் திருவிதாங்கூர்ச் சபையும் ஒரே திருச்சபையின் கூறுகளாயின. அந்நாளைக் குறிக்கும் நூல்களில் பேராயர்களின் பெயர்கள் உள்ளன. அதனைக் காண வாழ்ந்திருந்த ஆச்சிமாரின் பெயர்களோ பழைய ஞானஸ்நானப் பேரேடுகளில் மட்டுமே கிடக்கின்றன.

பேரன் என்னும் சொல் பெயரன் என்பதன் மரூஉ. பேத்தி என்பது பெயர்த்தி. பாட்டன் பாட்டியின் பெயரை உடையவர் என்பது பொருள். தமிழ்க் கிறிஸ்தவர் புதிய பெயர்களை ஏற்றபோதும் இப்பழைய வழக்கை விடவில்லை. ஆச்சி ஞானம்மாளாயின் பேத்தியும் ஞானம்மாள். ஆச்சி சாராளாயின் பேத்தியும் சாராள். வரலாற்று நூல் எழுதாது விட்ட பெயரைக் குடும்பம் அழைத்து அழைத்துக் காத்தது.

பெயர் நிற்கிறது, அப்பெயருக்குரியவள் என்ன செய்தாள் என்பது மறைந்துகொண்டிருக்கிறது. எந்தப் பாட்டை எப்போது பாடினாள், எந்த வசனத்தைத் திருத்தினாள், பிடியரிசிக் கலயம் அடுக்களையில் எங்கே இருந்தது என்பவற்றைச் சொல்லக்கூடிய முதியவர் இன்னும் சில வீடுகளில் உள்ளனர். பள்ளி மாணவர் தம் பாட்டியிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதி வரச் செய்வது ஆசிரியர்க்கு அரிய செயலன்று. அம்மாணவரின் மதம் எதுவாயினும் ஆகுக. அவர்கள் எழுதிக் கொணரும் பக்கங்கள், எந்தப் பேரேட்டிலும் இல்லாத வரலாற்றின் பக்கங்களாக இருக்கும்.